வெள்ளி வில்லையும் வெள்ளுப்பும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழன் வாய்மொழி. பசித்து வந்தவனுக்கு ஒரு பிடி சோறும் ஒரு கல் உப்பும் இட்ட கையை மறவாதே என்னும் அளவில் நின்ற அம் மொழியை வெள்ளைக் கும்பனியான் கைப்பற்றித் தன் படைக்கொட்டிலில் கட்டி வைத்தான். கும்பனியின் உப்பைத் தின்றவன் கும்பனிக்கே உயிர் கொடுக்க வேண்டும் என்றும், கொடாதவன் உப்புக்கு இரண்டகம் செய்தவன் என்றும் உள்நாட்டுப் படைஞனுக்கு ஓயாமல் ஓதினான். ஓதியவனும் நம்பினான், கேட்டவனும் நம்பினான். அந்த உப்பு எவன் உப்பு என்று கேட்டவர் சிலரே. (கும்பனி என்னும் அயற்சொல்லை அப்படியே ஆள்வதில் தவறில்லை. கொள்ளைக்கு வந்தவன் பெயரைக் கொள்ளைக்கு வந்தவன் சொல்லாலேயே குறிப்பது நன்று.)

எவன் உப்பு என்னும் கேள்விக்கு விடை தேடுவார் மரக்காணத்துக் கடற்கரைக்குச் செல்லலாம். சென்னைக்கும் புதுவைக்கும் இடையே, கழுவெளி என்னும் பெருநீர்ப் பரப்பு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கிறது உப்பளம். தையில் தொடங்கி மழை தொடங்கும் வரை அங்கு வேலை. உவர்நீரைப் பாத்திகளில் கட்டிக் காயவிட்டு, பூத்த உப்பை மரப்பலகையால் வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாய்ச் சுமக்கும் ஆடவரும் பெண்டிரும் காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமும் இல்லாமல் வீடு திரும்புவதில்லை. ஐப்பசி மழை விழுந்தால் அளம் மூழ்கும், அடுப்பும் அணையும்.

இது நேற்று முளைத்த தொழிலன்று. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் நாட்டுக் கடற்கரை ஊராகக் கூறப்படும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்ந்தோர் பலர் கொள்கை. உமணர் வண்டி வண்டியாக உப்பேற்றி உள்நாட்டுக்குச் சென்றதையும், உப்புக்கு நெல்லை மாற்றியதையும் கழகப் பாட்டுகள் விரித்துரைக்கின்றன. உழைப்புக்குத் தரும் ஊதியத்துக்குத் தமிழில் அமைந்த சொல்லே அதற்குச் சான்று. சம்பும் அளமும் சேர்ந்தது சம்பளம், அஃதாவது நெல்லும் உப்பும், என்று தனித்தமிழ்ச் சொல்லாய்வாளர் காட்டுவர். கூலமாகத் தந்தது கூலி. நெல்லும் உப்புமாகத் தந்தது சம்பளம். உரோமர் மொழியிலும் ஊதியத்தைக் குறிக்கும் சொல் உப்பின் பெயரிலிருந்தே பிறந்தது. படைஞனுக்கும் உப்புக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது.

ஆயின் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் வேந்தனும் உரோமத் தலைவனும் தந்த உப்பு அவரவர் நாட்டில் விளைந்தது. கும்பனி தந்த உப்போ தமிழன் விளைத்து, தமிழனிடமிருந்து பறித்து, தமிழனுக்கே விலைக்கு விற்ற உப்பு. 1805ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கும்பனியரசு ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக் கொண்டது. அதன்பின் அளத்துக்காரன் விளைத்ததைக் கும்பனிக் கிடங்கிலே சேர்க்க வேண்டும். கும்பனி வைத்த விலைக்கே ஊரார் வாங்க வேண்டும். கழிமுகத்தில் தானே பூத்துக் கிடந்த உப்பை ஏழை ஒருத்தி முந்தானையில் வாரினாலும் அது குற்றம். இந்த 1805 என்னும் ஆண்டை மனத்தில் இருத்திக்கொண்டு, வெள்ளைக் குதிரைப்படைஞன் மார்பில் தொங்கிய வெள்ளித் துண்டைப் பார்ப்போம்.

வெள்ளித் துண்டு என்றதும் பதக்கம் என்று சொல்லிவிடுவது இன்றைய வழக்கம். அச்சொல் கழுத்தணியின் நடுவே தொங்கும் அணியுறுப்பைக் குறித்து வந்தது. போருக்கென்று வார்த்துத் தரும் வட்ட மாழைத் துண்டுக்கு வில்லை என்பதே பொருந்தும். அக்காலத்தில் துரைமார் அலுவலக வாயிலில் நின்ற ஏவலன் தோள்வாரில் குத்தியிருந்ததும் வில்லைதான். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஆங்கில அரசின் 19ஆம் இலகு குதிரைப்படை 1782இல் சென்னையில் வந்திறங்கியது. ஆங்கில மன்னரின் குதிரைப்படைகளுள் இம் மண்ணை முதலில் மிதித்தது அதுவே. மைசூர்ப் போர்களில் அது கலந்துகொண்டது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினக் கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டபின் அப்போருக்கென ஒரு வில்லை வார்க்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் ஆங்கில அரிமா மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது; மறுபக்கத்தில் கோட்டை தாக்கப்படும் காட்சி. படைத்தலைவர்க்குப் பொன், அடுத்த நிலையார்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் அடுத்தவர்க்கு வெள்ளி, சிறு பொறுப்பினர்க்கு வெண்கலம், களத்தில் முன்னின்று குத்துப்பட்ட அடிநிலைப் படைஞனுக்குத் தகரம். வெள்ளை அடிநிலைப் படைஞனுக்கும் தகரமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. வறுமையால் படையிற் சேர்ந்து, கடல் கடந்து, காய்ச்சலில் பாதிப்பேர் செத்த அந்த இளைஞர்மேல் தமிழனுக்குத் தனிப்பகை ஏதுமில்லை.

உறுத்துவது வேறொன்று. அவ் வில்லையில் அரபி எழுத்து உண்டு. பாரசீக எழுத்து உண்டு. ஆண்டைக் குறிக்க உரோம எண்ணும் உண்டு. அதை அணிந்த சென்னைப் படைஞருள் எத்தனையோ பேருக்குத் தாய்மொழியாயிருந்த தமிழுக்கு மட்டும் ஓர் எழுத்துக்கும் இடமில்லை. அவன் உயிர் வேண்டும். அவன் மொழி வேண்டா. பிற்காலத்தில் எத்தனையோ அரசுகள் தமிழனிடம் கைக்கொண்ட நெறி இதுதான். அதன் முதற்படிகளுள் ஒன்று அந்தத் தகர வில்லை.

1803 செபுதம்பர் 23ஆம் நாள் அசாயே என்னும் ஊரருகே மராட்டியரோடு கும்பனிப்படை பொருதது. தலைவன் ஆர்தர் வெல்லெசுலி, பின்னாளில் வெலிங்டன் கோமான் எனப் பெயர் பெற்றவன். 19ஆம் குதிரைப்படையும் சென்னையின் உள்நாட்டுக் குதிரைப்படை 4, 5, 7 ஆகிய மூன்றும் அங்குப் பாய்ந்தன. குதிரைப்படையை நடத்திச் சென்ற மாக்சுவெல் களத்திலேயே மாண்டான். கும்பனிப் பக்கத்தில் மட்டும் 428 பேர் இறந்தனர். 1,138 பேர் புண்பட்டனர். வெல்லெசுலி தன் வாழ்நாளில் கண்ட கொடிய களங்களுள் அதனை ஒன்றாக எண்ணினான் என்பர்.

இக்களத்துக்கு வெள்ளி வில்லை எப்போது வந்தது? 1851இல். நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து! விக்டோரியா அரசியின் தலை ஒருபுறம், பனைபோன்ற மரத்தடியில் வெற்றிமகள் அமர்ந்திருக்கும் உரு மறுபுறம். போரின் பெயர் பொறித்த பட்டை மேலே. அசாயே என்னும் ஊர்ப்பெயரைக்கூட அப்பட்டையில் தம் விருப்பம்போல் சிதைத்தே எழுதினர். அதைப் பெறும் தகுதி இரண்டு: களத்தில் நின்றிருக்க வேண்டும், அரை நூற்றாண்டு கழித்து உயிரோடிருந்து, எனக்குத் தாரும் என்று கேட்க வேண்டும். செத்தவனுக்கு இல்லை. அவன் கைம்பெண்ணுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. இத்தனைக்கும் 1815இல் நடந்த வாட்டர்லூப் போரில் மாண்ட ஆங்கிலப் படைஞரின் உறவினர்க்கு வில்லை தரும் வழக்கத்தை அதே அரசு முன்னரே கண்டிருந்தது. 1803இல் இருபது அகவையினனாய் நின்றவன் 1851இல் எழுபதை நெருங்குவான். ஆற்காட்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் கண்ணொளி மங்கிக் கிடக்கும் முதிய படைஞனுக்கு இலண்டனில் பிறந்த அந்த ஆணை எட்டியிருக்க வழியேது?

19ஆம் குதிரைப்படைக்கே அது பயன்படவில்லை என்பது வேடிக்கை. அப்படை 1821இலேயே கலைக்கப்பட்டுவிட்டது.

1851இன் வில்லையில் போர்ப்பெயர்ப் பட்டைகள் 21 வகை. அலிகரும் தில்லியும் நாகபுரியும் நேபாளமும் பரத்பூரும் அவற்றுள் உண்டு. அப்பட்டியலில் காணப்படாத ஒரு பெயர் வேலூர். 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்தது அவ் வெள்ளையர்க்குப் போராகத் தோன்றவில்லை. அதற்கு வில்லை அடித்தால் அதில் எந்த விலங்கை எந்த விலங்கு மிதிப்பதாக வரைவது?

1805இல் ஒரு பக்கம் உப்பைப் பறித்தவர்கள், அதே ஆண்டின் இறுதியில் படைஞனின் உடலிலும் கைவைத்தனர். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது, தோற்குச்சு வைத்த புதுத் தலையணி அணிய வேண்டும் என்று படைத்தலைவன் கிரடாக்கு ஆணையிட்டான். மறுத்தவர்க்குக் கசையடி. திப்புவின் மக்கள் சிறையிருந்த அக் கோட்டையில் எழுச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைப் படைஞரும் அவர்தம் தலைவருள் பதினால்வரும் மாண்டனர். தூங்கிக் கிடந்தவரைச் சுட்டதை எவரும் புகழ வேண்டியதில்லை; எழுச்சிகள் எல்லாம் தூய்மையாகவே நடப்பதில்லை. கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது.

செய்தி ஆற்காட்டை எட்டியதும் கில்லெசுபி என்பவன் 19ஆம் குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். கூடவே வந்தது உள்நாட்டுக் குதிரைப்படை 7. ஆம், அசாயேயில் நின்ற அதே ஏழாம் படை! கில்லெசுபியைக் கயிறு கட்டி மதில்மேல் ஏற்றினர். வாயில் பீரங்கியால் பிளக்கப்பட்டது. அதன்பின் நடந்தது வேட்டை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்தவருள் ஏறத்தாழ நூற்றுவரை வெளியே இழுத்துவந்து மதிலோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். மொத்தம் மாண்டவர் குறைந்த கணக்கில் 350 பேர். 800 என்பாரும் உளர். பின்னர்ப் படைமன்றம் கூடி அறுவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தது, ஐவரைச் சுட்டது, எண்மரைத் தூக்கிலிட்டது. எழுந்த மூன்று படைப்பிரிவுகளின் பெயரும் படைப்பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டது.

வில்லை இல்லையேயன்றிப் பரிசு இல்லாமலில்லை. கில்லெசுபிக்குக் கும்பனி 7,000 வராகன் கொடுத்தது. எழுச்சிக்கு முன்பே வெள்ளைத் தலைவரிடம் போய்க் கமுக்கத்தை உரைத்த முசுதபா பேக்கு என்னும் உள்நாட்டுப் படைஞனுக்கு 2,000 வராகன். காட்டிக்கொடுப்புக்கு ஒரு விலையும் கொன்றொழிப்புக்கு ஒரு விலையும் கணக்கில் எழுதிக் கொடுக்கப்பட்டன. மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையில் ஒரு காலத்தில் வராகன் அடிக்கும் அக்கசாலை இருந்தது. 1750இல் பிரஞ்சியத் துய்ப்ளேயின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் பிடிக்கப்பட்டு இடிக்கப்பட்ட கோட்டை அது. தன் காசைத் தானே அடித்த கடற்கரை, அரை நூற்றாண்டுக்குள் பிறன் கருவூலத்துக்கு உப்பு நிரப்பும் கடற்கரை ஆயிற்று. அக்கருவூலத்திலிருந்து போனவையே கில்லெசுபியின் வராகன்கள்.

உப்பு வருமானம் வேறு, படைச்செலவு வேறு. இரண்டையும் முடிச்சுப் போடுவது மிகை என்று கற்றவர் சிலர் கூறக்கூடும். அவர்கள் 1888ஆம் ஆண்டைப் பார்க்கட்டும். 1885இல் ஆங்கிலேயர் பர்மாவின்மேல் படையெடுத்து, அடுத்த ஆண்டே அந்நாட்டைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டனர். சென்னைப் படைப்பிரிவுகள் பல அங்கு அனுப்பப்பட்டன. அப்போருக்கும் வில்லை உண்டு. பொருதவனுக்கு வெள்ளி, பொதி சுமந்தவனுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் நீர் கொணர்ந்தவனுக்கும் வெண்கலம். அப்போரால் வந்த செலவும் காசுமாற்று இழப்பும் கருவூலத்தைக் குடைந்தபோது, 1882இல் மணங்குக்கு 2 உருபாவாக இருந்த உப்புவரி 1888இல் இரண்டரை உருபாவாக ஏற்றப்பட்டது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. செல்வன் வீட்டுக்கும் கூலிக்காரன் குடிசைக்கும் உப்பு ஒரே அளவுதான் வேண்டும்; வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்குச் சற்று மிகுதியாகவே வேண்டும். ஆக, மண்டலேயில் ஒருவன் மார்பில் ஏறிய வெள்ளிக்கு மரக்காணத்தில் ஒருத்தி தன் கஞ்சியில் உப்பைக் குறைத்துக் கடன் தீர்த்தாள். இதைவிட இறுகிய முடிச்சு ஒன்று வேண்டுமா?

போர்மறவனைப் போற்றுவது தமிழனுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டிய பாடமன்று. சிறந்த படைத்தலைவனுக்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் தமிழ் வேந்தர் அளித்தனர். அவை உயர்ந்தோர்க்குரியவை. எளியவனுக்கு உரியது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படியாக வகுத்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையால் தொகுக்கப்பட்டு 1972இல் நூலாக வெளிவந்தன. மன்னன் பெயர், அவன் ஆட்சியாண்டு, ஊர்ப்பெயர், ஆநிரை மீட்டு விழுந்தவன் பெயர் என எல்லாம் அக்கற்களில் தமிழில் உள்ளன. எடுத்தனூரில் உள்ள ஒரு கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடையது. அதில் விழுந்த மறவனோடு அவன் நாயும் நிற்கிறது. தலைவனைக் காத்து நின்று கள்வரைக் கடித்த அந் நாயின் பெயர் கோவிவன் என்றும் கல் சொல்கிறது.

நாயின் பெயரையும் எழுதிவைத்த இனத்தின் பிள்ளைகள் வேலூரில் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெயர்க்கல் இல்லை.

இங்கே ஆங்கிலேயனிடம் உள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவன் தன் படைஞனுக்குத் தந்த வில்லையின் விளிம்பிலே பெற்றவன் பெயரைப் பொறித்தான். அதனால்தான் இன்றும் இலண்டன் ஏலக்கூடங்களில் அவ் வில்லைகள் பெருவிலைக்குப் போகின்றன. விளிம்பிலுள்ள பெயரைப் பிடித்துப் படைப்பட்டியலைத் தேடி, அவன் எந்த ஊரான், எந்தக் களத்தில் நின்றான், எங்குச் செத்தான் என்று கண்டுபிடித்து மகிழ்வோர் அந்நாட்டில் மிகப் பலர். தன்னினத்தில் கடைநிலையானின் பெயரையும் காத்தான் அவன். கில்லெசுபிக்கோ, 1814இல் நேபாளப் போரில் மாண்டபின், இலண்டன் தூய பவுல் பெருங்கோயிலில் நினைவுச்சிலையும், பிறந்த ஊராகிய காம்பரில் வானளாவிய தூணும் எழுந்தன. அவர் செயல் அவர்க்கு முறையே. நம்மவர் செய்யாமை எவர்க்கு முறை?

நம் வீடுகளிலும் சிலவற்றில் பாட்டன் பெற்ற வில்லை பட்டுத்துணியில் சுற்றிப் பேழையில் இருக்கிறது. பிள்ளைகள் அதைக் காட்டிப் பெருமை பேசுகிறார்கள். அப் பாட்டனை இழித்துரைப்பது இவ்விதழ் படிப்போர்க்குப் பொருந்தாது. வயிறு காய்ந்தவன் படையிற் சேர்ந்தான். சேர்ந்த இடத்தில் புறங்காட்டாமல் நின்றான். தாழ்த்தி ஒதுக்கப்பட்ட மக்கள் பலர்க்கு ஊர் தராத மதிப்பை அப் படை தந்தது என்பதும் மெய். அது படையின் பெருமையைவிட ஊரின் சிறுமையையே காட்டும். அவன் மறம் அவனுடையது. வில்லை அடித்தவனுடையது அன்று. ஆதலால் பெருமை பேசுவோர் பாட்டனின் பெயரையும் ஊரையும் பேசட்டும். அரசியின் தலையைப் பேச வேண்டா.

இன்னும் ஒன்று. நீலமலையில் செகதளா என்று வழங்கிய இடத்துக்கு அசாயேத் தலைவன் பெயரைச் சூட்டி வெலிங்டன் என்றாக்கினர். அப்பெயர் இன்றும் நிற்கிறது. அங்கேயே நடுவமாய் அமைந்துள்ள மதராசுப் படையணியின் சின்னத்தில் இன்றும் யானை நிற்கிறது. அசாயே நினைவாகத் தரப்பட்ட யானை அது. மராட்டியனை வெல்ல வெள்ளையனுக்கு உதவியதற்குக் கிடைத்த அடையாளத்தை, வெள்ளையன் போனபின்னும் கழற்ற மனம் வரவில்லை. 1947இல் உப்புவரி போயிற்று. ஊர்ப்பெயரும் யானையும் போகவில்லை. தில்லியில் அமர்ந்திருப்போர்க்கு இது உறுத்தாது. தமிழர்க்கு உறுத்த வேண்டாவா?

2006இல் வேலூர் எழுச்சியின் இருநூறாம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். நன்று. அஞ்சல்தலை ஓரிரு திங்களில் தீர்ந்துபோகும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவ்வெழுச்சி பற்றிய கும்பனிக் காலத் தாள்கள் கட்டுக்கட்டாய் இருக்கின்றன. உசாவலில் நிறுத்தப்பட்டவர், சான்று சொன்னவர், தூக்கிலேற்றப்பட்டவர், கடல் கடத்தப்பட்டவர் பெயர்களை வெள்ளை எழுத்தர் தம் செவிக்குக் கேட்டவாறு ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றனர். இந்துவும் இசுலாமியனும் தெலுங்கனும் தமிழனும் அதில் கலந்திருப்பர்; ஒருவனையும் விலக்க வேண்டா. தமிழும் பழைய கையெழுத்து ஆங்கிலமும் அறிந்த நான்கு இளைஞர் ஓராண்டு உட்கார்ந்தால் அப்பெயர்களைத் திருத்தித் தமிழெழுத்தில் ஒரு பட்டியலாக்கிவிடலாம். பட்டியல் ஆனபின் கல்லுக்குப் பஞ்சமில்லை. செங்கத்துக்கும் வேலூருக்கும் இடையே மலைகள் நிறைய உண்டு.

மரக்காணத்துக்கும் ஒரு கல் வேண்டும். அளத்தில் ஒரு பகுதி நடுவணரசின் உப்புத்துறை நிலம், ஒரு பகுதி மாநில அரசின் நிலம் என்று இன்றும் இருவேறு உடைமையாய்க் கிடக்கிறது. கல்லை எவன் நிலத்தில் நடுவது என்று கேட்பார்கள். கடற்கரைச் சாலையோரம் நடலாம். எயிற்பட்டினம் என்ற பெயரும், 1805, 1888, 1947 என்னும் மூன்று ஆண்டுகளும் அதில் தமிழில் இருந்தால் போதும்.